வெள்ளிக்கிழமை டியூப்லைட்

சிதம்பரத்துக் கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தில் தில்லையம்மாள் இருபது வருஷமாகக் கண்ணாடிக் குடுவை கழுவுகிறாள். ஒன்றைக்கூட உடைத்ததில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடிப்பாள். உடைத்த இரண்டைப் பற்றி மூச்சு விடமாட்டாள்.

மகன் இளவரசு கிள்ளைப் பக்கம் செல்போன் டவர் ஏறும் வேலைக்குப் போனதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. டவரிலிருந்து வரும் கதிர் உடம்பை அரித்துவிடும் என்று கடலூர் பஸ்ஸில் யாரோ சொல்லிவிட்டார்கள். 2010இல் ஆராய்ச்சி மாணவி ரேகா அதையேதான் சோதிக்கிறாள் என்று தெரிந்ததும், மகனை இழுத்துவந்து ரத்தம் கொடுக்க வைத்தாள். கெடுதல் என்று தெரிந்தால் மறுநாளே வேலையை விட வைப்பது என்று முடிவும் கட்டிவிட்டாள்.

ரேகா ரத்தத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் செல்போன் கதிரைக் காட்டினாள். அதன்பின் எல்லாம் மங்கிய மஞ்சள் விளக்கில்தான். வெள்ளை வெளிச்சம் பட்டாலே உயிரணுவுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழை அறுந்துவிடுமாம்.

அன்று வெள்ளிக்கிழமை. ரேகா டீ குடிக்கப் போனாள். விளக்கு வைக்கும் நேரத்தில் அறை இருண்டு கிடக்கத் தில்லையம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. சாமிக்குப் போடும் லைட்டு எதை அறுக்கப்போகிறது? டியூப்லைட்டைப் போட்டாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள், கொஞ்ச நேரம் எரியவிட்டு அணைத்தாள்.

திங்கட்கிழமை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், கறுப்பில் ஆரஞ்சுப் புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் நீளமாக வால்.

"வால் இருந்தா இன்னாம்மா?"

"டி.என்.ஏ. அறுந்துருக்குன்னு அர்த்தம்க்கா."

ரேகா அடுத்ததை வைத்தாள். அதிலும் வால்.

"கதிரே படாத ரத்தத்துலயுமா? ஒருவேள ஒங்க மகன் ஒடம்பே இப்புடியோ?"

பெருமை போனால் போகட்டும், பிள்ளைமேல் பழி விழக்கூடாது. "நாந்தாம்மா லைட்டப் போட்டேன். வெள்ளிக்கெழம, வெளக்கு வெக்கிற நேரம்…"

ரேகா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். பிறகு இளவரசுவை மறுபடி வரச்சொன்னாள்.

இந்த முறை எட்டிப் பார்த்தபோது இரண்டிலும் அநேகமாக வால் இல்லாத முழு உருண்டைகள். "இந்த டெஸ்ட்டுல வித்தியாசம் தெரியலக்கா. அதுக்காக ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்லிட முடியாது. இன்னும் நெறைய பாக்கணும்" என்றாள் ரேகா.

தில்லையம்மாள் கண்ணை எடுக்கவில்லை. பெற்றவள்தான், குளிப்பாட்டினவள்தான், இதைப் பார்த்ததில்லையே! ஒரு டியூப்லைட்டுக்கே அறுந்துபோகிற இழை, இத்தனை வருஷம் அவனைத் தாங்கியிருக்கிறது. அவளுக்கு மெய்சிலிர்த்தது.

அடுத்த வெள்ளிக்கிழமையும் விளக்கு வைக்கும் நேரம் வந்தது. அவள் சுவிட்சைத் தொடவில்லை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, இருட்டுக்குள் போனாள்.