சாக்கு போர்த்திய லேப்டாப்

என் அண்ணிக்கு விரல்கள்தான் சம்பாத்தியம். இணைய வகுப்புகளில் ஆசிரியர் பேசப் பேச, ஒரு சொல் விடாமல் தட்டித் திரையில் ஓடவிடுவார். காது கேட்காத மாணவி ஒருத்தி அதைப் படித்துத்தான் பாடம் கேட்கிறாள். அண்ணி தட்டாவிட்டால் அவளுக்கு வகுப்பு என்பது வெறும் வாயசைவு.

கோடை வந்ததும் லேப்டாப் சூடேறி முரண்டு பிடித்தது. அண்ணி வேலை பார்க்கும் அறை மொட்டைமாடிக்கு நேர் கீழே. மதியத்தில் கூரையே கொதிக்கும். அண்ணனுக்கு ஐஸ் தொழிற்சாலையில் வேலை. எந்த வெயிலிலும் ஐஸ் பாளத்தைச் சாக்கு சுற்றிக் காப்பாற்றுகிற மனுஷன். "சூட்டை உள்ள விடாம அடைச்சாப் போதும்" என்று, திரையும் விசைகளும் மட்டும் தெரிய, லேப்டாப்பின் அடியிலும் பக்கங்களிலும் சாக்கை மடித்துக் கட்டிவிட்டார். அவருக்கு யோசனை வந்துவிட்டால் யாராலும் தடுக்க முடியாது.

பாதி வகுப்பில் திரை கறுத்துவிட்டது. அண்ணிக்கு அழுகையே வந்துவிட்டது. பரீட்சைக்கு முந்தைய கடைசி வகுப்பு மறுநாள். அழுதாலும் அவர் மூளை சும்மா இருக்குமா? சாக்கைப் பிரித்து, லேப்டாப்பின் அடியில் புறங்கையை வைத்து வைத்துப் பார்த்தார்.

"ஏங்க, ஐஸ் தானா சூடாகுமா?"

"அதெப்படி ஆகும்?"

"இது ஆகுதே! வெளிச்சூட்டைத் தடுக்கிறேன்னு உள்சூட்டையும் சேர்த்துக் கட்டிப் போட்டிருக்கீங்க."

அண்ணன் சாக்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் அண்ணி வீடு முழுக்கச் சுவரையும் தரையையும் தொட்டுத் தொட்டு அலைந்தார். வெயிலே எட்டாத இடம் குளியலறையை ஒட்டிய நடைதான். அங்கே மேசையைப் போட்டு, காற்று அடியில் புகும்படி லேப்டாப்பை இரண்டு சோப்பு டப்பாக்களின் மேல் தூக்கி வைத்தார். பக்கத்தில் மின்விசிறி. காலைக் குளிர்ச்சியிலேயே சார்ஜ் ஏற்றி, சார்ஜ் ஏறும் சூடும் சேர வேண்டாமென்று வகுப்புக்கு முன் ஒயரைக் கழற்றிவிட்டார்.

"தாங்குமா அண்ணி?"

"தாங்கினாத்தான் உண்டு."

வகுப்பு திறந்ததுமே மாணவியிடமிருந்து செய்தி வந்தது. "அக்கா, நேத்து 'தண்ணீர் குளிர்ந்தால் சுருங்கும், ஆனால்'னு நின்னுபோச்சு. ஆனால் என்ன? அதே நெனப்பா இருக்கு."

அண்ணிக்கு எப்படித் தெரியும்? அந்த 'ஆனாலோடு' அவர் லேப்டாப்பும்தானே அணைந்தது! வகுப்பில் ஒருநாளும் வாய் திறக்காதவர், மைக்கைப் போட்டார்.

"சார், நேத்து 'ஆனால்'னு ஒண்ணு சொன்னீங்களே, அப்புறம் என்ன சார்?"

ஆசிரியர் சிரித்துக்கொண்டே சொன்னார். அண்ணியின் விரல்கள் ஓடின: 'ஆனால் உறையும்போது விரியும். அதனால்தான் ஐஸ் தண்ணீரில் மிதக்கிறது.'

"அப்பாடா" என்று வந்தது பதில்.

அதன்பின் அண்ணி நிமிரவே இல்லை. மறுபடி கறுத்துவிடுமோ என்று நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வகுப்பு முடிந்ததும் அந்தப் பெண் எழுதினாள்:

"இன்னிக்கு எதுவும் பாதியில நிக்கல அக்கா."