பனிவாத்துகள் காற்றோடு எழுந்த சனிக்கிழமை

ஆர்லோவின் வயலிலிருந்து யாரோ வேண்டுமென்றே பனிவாத்துகளைக் கிளப்பிவிட்டார்களாம். தீவனக் கடை பானி இதைத் தன் மைத்துனன் சொன்னதாகச் சொன்னாள். மைத்துனனுக்குத் தபால் வண்டிக்காரர் சொன்னாராம்.

"பத்தாயிரம் வாத்து, மாரிட்! மொத்தமா கிளம்பி, நேரா கரையைத் தாண்டி, அந்தப் பக்கம் துப்பாக்கியோட படுத்திருந்தவங்க தலைக்கு மேல போயிருக்கு. முப்பதுக்கு மேல விழுந்துச்சாம்."

"யாரு கிளப்பினதாம்?"

"வேற யாரு, டெல்தான். படுத்திருந்ததெல்லாம் அவன் கூட்டாளிங்கதானே. பட்டாசு ஏதாவது போட்டிருப்பான்."

மாரிட் "அப்படியா" என்றாள். கோழித்தீவன மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, வண்டிக்குள் ஏறி, சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தாள். கிளப்பியது அவள்தான்.

மாரிட் டோலஃப்சன் ஸ்காஜிட் பள்ளத்தாக்கில் இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். விவாகரத்தின்போது கணவன் படகை எடுத்துக்கொண்டு கேமராவை விட்டுப் போனான். "நல்ல பாகப்பிரிவினை. படகு மூழ்கிடுச்சு" என்பாள் யாராவது கேட்டால். வாத்துகள் எழும்புவது பொழுது புலரும் நேரத்தில்; அந்த நேரத்தில் அவள் முதுகுக்குப் பின்னால் நாற்பது பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்கும். ஞாயிறு காலை தேவாலயத்துக்குப் போய்விடும். அதனால் அவளுக்கு மிஞ்சியது சனிக்கிழமைகள்தான். அக்டோபரில் சைபீரியாவிலிருந்து வருகிற பறவைகள் ஏப்ரலில் திரும்பிப் போய்விடும். மழையையும் மூடுபனியையும் கழித்துப் பார்த்தால் வருடத்துக்குப் பத்து நல்ல காலைகள் கிடைத்தாலே அதிர்ஷ்டம்.

ஆர்லோ வான்டவெக் உருளைக்கிழங்கு விவசாயி. கரையை ஒட்டிய ஒரு வயலில் மட்டும் வாத்துகளுக்கென்றே கோதுமை விதைத்து, துப்பாக்கி எதையும் அண்டவிடாமல் வைத்திருந்தார். அந்த வயலின் சங்கிலிப் பூட்டு எண்ணை, வேலைக்கு வருகிறவர்களைத் தவிர, மாரிட் ஒருத்திக்குத்தான் சொன்னார். சொல்லும்போதே நிபந்தனையும் போட்டார்.

"வண்டின்னா வாத்துக்கு மாடு மாதிரி. பக்கத்துல நின்னாலும் மேய்ஞ்சிட்டிருக்கும். மனுஷன் ரெண்டு காலைத் தரையில வெச்சான்னா அது நரி. அதனால இறங்காதே. மூத்திரம் வந்தாலும் இறங்காதே."

"அப்போ காப்பியைக் குறைச்சுக்கறேன்."

"காப்பி உன் இஷ்டம். கதவு என் இஷ்டம்."

ஆறு குளிர்காலம் அவள் அந்தச் சொல்லை மீறவில்லை. இருட்டோடு போய் வண்டியை நிறுத்துவாள். இன்ஜின் சூட்டில் காற்று நெளிந்தால் படம் குழம்பும் என்பதால் அதை உடனே அணைத்துவிடுவாள். கண்ணாடியை இறக்கி, அரிசி நிரப்பிய துணிப்பையை ஜன்னலில் வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்துக் காத்திருப்பாள். எங்கிருந்தாவது ஒரு கழுகு வரும். அதற்குச் சற்று முன்பே மொத்தக் கூச்சலும் அடங்கிப்போகும். ஆயிரக்கணக்கான கழுத்துகள் ஒன்றாக நிமிரும். அந்த அமைதிக்குள்தான் விரல் பொத்தானில் இருக்க வேண்டும். பிறகு நிலமே உரிந்து மேலே போவதுபோல இருக்கும். ஆனால் அவளுடைய படங்கள் எதிலும் அது இருந்ததில்லை. ஒன்றில் வெளிச்சம் செத்திருக்கும், இன்னொன்றில் ஒரு மூலை மட்டும் எழும்பியிருக்கும்.

போன சனிக்கிழமை மேகத்துக்கும் மலைக்கும் நடுவே ஒரு விரற்கடை திறந்து, செம்பொன் வெளிச்சம் வயல் முழுக்கப் படர்ந்தது. கழுகு வரவில்லை. வாத்துகள் தலை குனிந்து மேய்ந்துகொண்டே இருந்தன. மேகம் மூட ஆரம்பித்தது. மாரிட்டின் இடது கால் மரத்துப் போயிருந்தது. அது பொய்யில்லை. வெளிச்சம் போய்க்கொண்டிருந்ததும் பொய்யில்லை. இரண்டில் எதற்காகக் கதவைத் திறந்தாள் என்று அன்றிலிருந்து தன்னையே குறுக்கு விசாரணை செய்துகொண்டிருக்கிறாள். கேமராவைக் கையில் எடுத்துக்கொண்டல்லவா இறங்கினாள்!

வயல் முழுவதும் ஒரே வீச்சில் எழுந்தது. பதினொரு படம் எடுத்தாள். கரைக்கு அப்பால் துப்பாக்கிகள் வெடித்தது பிறகுதான் காதில் விழுந்தது.

தீவனக் கடைக்குப் போய்வந்த மறுநாள், புதன்கிழமை காலை, பேருந்து நிறுத்தத்தில் மகளோடு டெல் நின்றிருந்தான். குழாய், மோட்டார் ரிப்பேர்காரன். மகள் ஏறியதும் அவனும் படியில் ஒரு கால் வைத்தான்.

"கேட்டியா மாரிட்? ஆர்லோ கிழவர் என்னை வயல் வடிகால் மோட்டார் பக்கமே வராதேன்னுட்டாரு. பதினொரு வருஷமா அந்தச் சேத்துல நின்னவன் நான். அன்னிக்கு முதுகுவலியில படுத்துக் கெடந்தேன். சாட்சி என் பொண்டாட்டிதான். அவ சொன்னா ஊரே சிரிக்குது."

"மெதுவா சரியாயிடும், டெல்."

"மழை பேஞ்சு வயல் முங்கினா என்னைத் தேடுவாரு, அது சரி. ஆனா சனிக்கிழமை நீ அங்கதானே இருப்பே? பட்டாசு வெடிச்சா உனக்குக் கேட்டிருக்குமே?"

அவன் குற்றம் சாட்டவில்லை, உதவிதான் கேட்டான். அதுதான் தாங்கவில்லை.

"புள்ளைங்களுக்கு நேரமாச்சு" என்று சொல்லி மாரிட் கதவை மூடினாள். பக்கக் கண்ணாடியில் அவன் சிறுத்துக்கொண்டே போவது தெரிந்தது.

மதியம் வீட்டில் அந்தப் பதினொன்றில் சிறந்த படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். அவள் அனுப்பியிருந்ததைப் பார்த்து நகர நூலகம் அதை நாலடி அகலத்தில் மாட்டக் கேட்டிருந்தது. பார்க்கிறவர்கள் மூச்சடைத்து நிற்பார்கள். ஆர்லோ மட்டும் வேறொன்றைப் பார்ப்பார். வாத்துகள் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். இதில் பின்னால் நாணல்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றனவோ அதே பக்கம், காற்றோடு, கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எழுகின்றன. எதைப் பார்த்து மிரண்டன என்பது அவருக்கு உடனே புரிந்துவிடும்.

மாட்டாமல் விடலாம். விட்டால் டெல்லின் பெயர் அப்படியே நிற்கும். மாட்டினால் ஆர்லோ அதைச் சுவரில் பார்த்துத் தெரிந்துகொள்வார். அது சொல்லாமல் சொல்வதுகூட இல்லை, மாட்டிக்கொள்வது. சொன்னாலோ பூட்டு எண் மாறும். இந்தப் பள்ளத்தாக்கில் அப்படி ஒரு வயல் இன்னொன்று அவளுக்குக் கிடையாது.

நூலகத்துக்கு "படம் தர இயலாது" என்று ஒரு வரி எழுதி அனுப்பினாள். பிறகு ஆர்லோவின் வீட்டு எண்ணை அழுத்தினாள். அவர் கைப்பேசி வைத்துக்கொள்வதில்லை. சமையலறைச் சுவரில் தொங்குகிற போன்தான். கொட்டகையில் இருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து எடுக்க வெகுநேரமாகும்.

"ஆர்லோ, கதவைத் திறந்தது நான்" என்று ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். கால் மரத்துப் போனதைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று யோசித்தாள். வேண்டாம் என்று தோன்றியது.

மறுமுனையில் பன்னிரண்டாவது முறையாக மணி அடித்தது. அவள் போனை வைக்கவில்லை.