அறுத்தெடுத்த முடிச்சு

எங்கள் வீட்டு ஆணியில் ஒரு கயிற்று முடிச்சு தொங்குகிறது. தேங்காய் நார்க் கயிறு. இரண்டு பக்கமும் கத்தியால் அறுத்தது. வருகிறவர்கள் திருஷ்டிக்கு மாட்டியது என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் விளக்கம் சொல்வதில்லை. அந்த முடிச்சு நான் போட்டது. ஒரு சோமாலியாப் பெண்ணின் வீட்டுக்காகப் போட்டது.

கோயம்புத்தூரில் ஓட்டம் நின்றுபோன ஒரு மில்லின் குடோனில் அப்போது கூட்டிப் பெருக்கும் வேலை எனக்கு. அங்கே கலைக் கண்காட்சி வைப்பார்கள். அந்த வருடம் வந்தவள் அந்தப் பெண். முன்பு சரவணம்பட்டியில் தங்கிப் படித்தவளாம். நம் பேச்சு நன்றாக வரும். சண்டைக்குப் பயந்து அவள் அம்மா சோமாலியாவை விட்டு நைரோபிக்கு ஓடிய பிறகு அங்கே பிறந்தவள். சொந்த மண்ணைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆடும் ஒட்டகமும் மேய்த்துக்கொண்டு இடம் மாறிப் போகிற சனம் அவர்கள். அம்மா அந்தக் காலத்தில் குடியிருந்த வீட்டை இங்கே கட்டப்போகிறேன் என்றாள். வளைத்த மூங்கில், பொள்ளாச்சிக் கயிறு, மேலே போர்த்துவதற்கு அம்மா பின்னி அனுப்பிய பாய்கள். அவ்வளவுதான் சாமான்.

மேஸ்திரி ஆட்களோடு வந்து நின்றார். “ஏனுங் அம்மணி, நாங்க கட்டிப்போட்டுப் போயிடறமுங்க.”

“வேண்டாமுங்கண்ணா. எங்க சனத்துல ஊடு கட்டறது பொம்பளைங்கதானுங்க. பாய் பின்றது, பிரிக்கறது, ஒட்டகத்து மேல ஏத்தறது, எல்லாம் அவங்கதான்.”

“அப்ப ஆம்பளைங்க?”

“தள்ளி நின்னு பாப்பாங்க.”

“அந்த வேலை இவிகளுக்கு நல்லா வருமுங் கண்ணு,” என்றேன். மேஸ்திரி முறைத்துவிட்டு டீக்குடிக்கப் போனார். “நீங்க வாங்கக்கா,” என்று அவள் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

பந்தலுக்குப் போடுகிற முடிச்சுதான் போட்டேன். இழுத்து இறுக்கி, மேலே இன்னொன்று. ஆடிக் காற்றுக்கும் அசையாது. எனக்குப் பெருமையாக இருந்தது.

சாயங்காலம் போனில் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். இது என் வீடுதான் என்று அம்மா ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அத்தனை பாடும் அதற்காகத்தான். முக்காடு போட்ட அந்தம்மா போனுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து உற்றுப் பார்த்தார். பிறகு ஏதோ கேட்டார்.

“முடிச்ச அவுத்துக் காட்டச் சொல்றாங்கக்கா.”

நகத்தால் கெல்லினேன். பல்லால் கடித்தேன். வரவில்லை. கடைசியில் கத்தியால் அறுத்தேன். அந்தம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இது ஊடு இல்லையாமுங்க. கூண்டாம்,” என்று சொல்லிவிட்டு அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குப் புரியவில்லை. கட்டினதைப் பார்க்காமல் அவிழ்வதை ஏன் பார்க்க வேண்டும்? கேட்கச் சொன்னேன். அவள் கேட்டாள். மழை எங்கே என்று தெரிந்ததும் வீட்டை அவிழ்த்துக்கொண்டு கிளம்புவார்களாம். இருந்த வீட்டையெல்லாம் தன் கையால் அவிழ்த்தவர் அந்தம்மா. கடைசி வீட்டை மட்டும் அவிழ்க்க நேரமில்லை. துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் அதை அப்படியே நிற்கவிட்டு, உடுத்த துணியோடு ஓடியிருக்கிறார்.

“இத்தனை நாளா எங்கிட்டச் சொன்னதே இல்லீங்கக்கா,” என்றாள் பெண்.

மறுநாள் என் முடிச்சுகளையெல்லாம் அறுத்துத் தள்ளினோம். மாட்டைக் கட்டுத்தறியில் கட்டுவதுபோல் மறுபடி கட்டினேன். நுனியை இழுத்தால் வந்துவிடும். பார்க்க வந்தவர்கள், “இது உளுந்துடாதுங்களா?” என்று கேட்டார்கள். உள்ளே போகவும் பயந்தார்கள்.

கடைசி நாள் கூட்டம் போனதும் போனை ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்தாள். எதை முதலில், எதை அடுத்து என்று அங்கிருந்து அம்மா சொல்லச் சொல்ல, இங்கே மகள் அவிழ்த்தாள். பாய் இறங்கியது. முடிச்சுகள் சத்தமில்லாமல் வந்தன. கடைசி மூங்கில் தரையில் படுத்ததும் அந்தம்மா ஒரே ஒரு வார்த்தை சொன்னார். மகள் அதைத் தமிழில் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பாயைச் சுருட்டினாள். நானும் கேட்கவில்லை. அது என்ன வார்த்தை என்று இன்றைக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான்.

முடிச்சுகளை அறுத்த அன்றைக்குக் குப்பையோடு கூட்டும்போது ஒன்றை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். ஏன் எடுத்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. வாடகை வீடுதான் எங்களுக்கு. அதற்குப் பிறகு வீடு மாறியும் ஆயிற்று. புது வீட்டில் முதலில் அடித்தது இந்த ஆணிதான். வேலை இல்லாத மத்தியானத்தில் எப்போதாவது எடுத்து நகத்தால் கெல்லிப் பார்ப்பேன். கயிறு கறுத்துவிட்டது. இன்னும் அவிழவில்லை.