நான் அழித்த பேர்

சண்டையால் கிளிநொச்சியை விட்டு வந்து முகாமில் கிடந்த எனக்கும் அம்மாவுக்கும் வவுனியா டவுனில் இருக்க, அரசாங்கம் தரும் பாஸ் வேண்டும். பாஸுக்கு உள்ளூர் ஆள் ஒருவர் பிணை நிற்க வேண்டும். எங்களுக்கு நின்றவர் எங்களுக்கு வீடு வாடகைக்குத் தந்த, சாதகம் பார்க்கும் சாத்திரியார். பாஸ் புதுப்பிக்கும் நாளில் அரசாங்கக் கந்தோருக்கு வந்து, "நல்ல பிள்ளை, பொய் புரட்டு இல்லை" என்று சொல்லிக் கையெழுத்து வைப்பார். அவருக்கே நான் ஒரு பொய் சொல்லியிருந்தேன்.

கணினி வகுப்பில் படிப்பித்துக்கொண்டே, அவருக்குச் சாதகம் கணிக்கும் புரோகிராம் ஒன்று எழுதி விற்றேன். கொழும்புச் சஞ்சிகையோடு வந்த சீடியில் இருந்த லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் அது ஓடியது. கிரகநிலை கணிக்கும் பகுதியும் அதே சீடியில் கிடந்தது, எந்த நாட்டுக்காரரோ எழுதியது. அதைத் தூக்கி என்னுடையதற்குள் வைத்து, அவர் பேரை அழித்து என் பேரைப் போட்டேன். "எல்லா வரியும் நான் எழுதினதுதான் அண்ணை. ஆருக்கும் பிரதி எடுத்துக் குடுக்கப்படாது" என்று பெரிய கெட்டிக்காரிபோலக் கடதாசியிலும் எழுதிக் கொடுத்தேன்.

சீடியில் இருந்த லைசென்ஸை வாசித்தது பிறகுதான். கலியாணம் முடிந்தபின் பொருத்தம் பார்த்த கதை. விற்கலாம், அதில் பிழையில்லை. லினக்ஸில் ஓடுவதும் பிரச்சினையில்லை. ஆனால் அந்தப் பகுதியை உள்ளே சேர்த்தால் எழுதியவர் பேர் இருக்க வேண்டும். நான் எழுதிய பகுதியும் சேர்த்து முழுப் புரோகிராமின் மூலவரிகளையும் வாங்கியவரிடம் கொடுக்க வேண்டும். அவர் அதை யாருக்குக் கொடுத்தாலும் மறிக்கக் கூடாது.

பயத்தில் அந்தப் பகுதியை நானே எழுதிப் பார்த்தேன். நான் கணித்த சந்திரன் இடம் பிசகி, அம்மாவின் நட்சத்திரமே மாறி வந்தது. சொன்னால் பிணையை எடுத்துவிடுவார், அம்மாவோடு திரும்பவும் முகாம்தான். சொல்லாவிட்டால், அறியாமலே எனக்காக இன்னொரு தரம் பொய்ச்சாட்சி சொல்லுவார்.

புதுப்பிக்கும் நாள் காலை அவர் சைக்கிளை எடுத்தபோது, முற்றத்தில் வைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அம்மா குசினி வாசலில் அசையாமல் நின்றா.

அவர் சைக்கிளைப் பிடித்தபடி கேட்டார், "அதை எழுதின அந்தாள் உம்மட்டை என்ன கேட்டவர்?"

"தன்ரை பேர் இருக்க வேணுமாம். தான் தந்த மாதிரியே மற்றவைக்கும் குடுக்க வேணுமாம்."

"பிணை கேட்டவரோ?"

"இல்லை அண்ணை."

"ஆரெண்டே தெரியாமல் உம்மை நம்பித் தந்த மனுசன்ரை பேரையோ பிள்ளை அழிச்சனீர்?"

நிலம் பிளந்து உள்ளே போனால் போதும் என்றிருந்தது. அவர் சைக்கிளைச் சுவரில் சாத்தினார். "முதல் அந்தப் பேரைப் போடும். பிறகு கந்தோருக்குப் போவம்."

கந்தோரில் வரிசை நீண்டுவிடும் என்று அம்மா தவித்தா. நான் சாத்திரியாரின் கணினிக்கு முன்னால் இருந்து, அந்த வெளிநாட்டுப் பேரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். இரண்டு தரம் பிழைத்தது. அவர் எனக்குப் பின்னாலேயே நின்றார். என் பேருக்கு மேலே அது வந்தபிறகுதான் கையெழுத்து வைக்கும் பேனையை மேசையிலிருந்து எடுத்துச் சேட்டுப் பொக்கற்றில் குத்தினார்.