சேது நாணயத்தின் பச்சை

இத்தாலிய நகரம் ஒன்றில், போர்கோ வெக்கியோ என்ற பகுதியில் நாங்கள் இருந்த இரண்டு அறை வீட்டில், என் பழைய நாணயங்களுக்கென்று மேசையில் இழுத்துத் திறக்கும் லாச்சி ஒன்று இருந்தது. தேய்ந்ததையோ ஓரம் உடைந்ததையோ நான் சேர்த்ததில்லை. யாழ்ப்பாண அரசர்கள் அடித்த சேது நாணயம் ஒன்றுக்காக ஆறு வருடம் அலைந்தேன். ஒரு பக்கம் நந்தி, அதன் கீழே தமிழில் 'சேது'. கண்ணில் பட்டதெல்லாம் எழுத்து அழிந்தவை. கடைசியில் பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்துக் கடையொன்றில், எழுத்து முழுசாக உள்ள ஒன்று கிடைத்தது. செம்பின் மேல் நூற்றாண்டுகளாகப் படிந்த பச்சைதான் அதன் மதிப்பு, துடைத்தால் போச்சு என்று கடைக்காரர் இரண்டு தரம் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தேன். சாமிப் படத்துக்கு முன்னால், குத்துவிளக்குக்குப் பக்கத்தில், என் நாணயம் புதுச் செம்பாகப் பளபளத்தது.

"விளக்கோட சேர்த்துப் புளி போட்டு மினுக்கினனான். நந்தியெல்லே, லாச்சிக்குள்ள ஊத்தையாக் கிடந்தது," என்றாள் மனைவி.

"அந்த ஊத்தைதான் அதின்ரை மதிப்பே. என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" என்று கத்தினேன்.

அவளும் மத்தியானம் வரை, தான் வேலை செய்யும் இத்தாலியச் சின்யோராவின் வீட்டில் துடைத்துக் கழுவிவிட்டு வந்தவள். "ஊரிலை சண்டை முடிஞ்சு இஞ்சை வந்த நாள் தொட்டு ரெண்டு பேரும் ஊத்தை துடைச்சுத்தான் சீவிக்கிறம். துடைக்கக் கூடாத ஊத்தையும் இருக்கெண்டு நீங்கள் எனக்கு எப்ப சொன்னனீங்கள்?"

கடைக்காரரோடு மணிக்கணக்கில் கதைத்திருக்கிறேன். அவளுக்கு அந்த லாச்சியை ஒரு நாளும் திறந்து காட்டியதில்லை.