டிவியில் வராத இரண்டு எழுத்து

செமிலிங் ஊருக்குப் பெண் பார்க்கப் போனபோது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. குருண் ஊரில் ஒரு தொழிற்சாலையில் மூட்டை ஏற்றும் வேலை. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றவன். பெண் ஐந்தாம் படிவம் வரை, அதாவது பதினோரு வருஷம், படித்தவள் என்று அக்கா சொன்ன நாளிலேயே எனக்கு வாய் ஒட்டிக்கொண்டது.

அவர்கள் வீட்டு ஹாலில் டிவிக்குப் பின்னால் ஏரியல் கம்பியைக் கழற்றிவிட்டு வேறொரு கம்பியைச் செருகியிருந்தார்கள். அதன் மறுமுனையில் டைப்ரைட்டர் போல எழுத்துகள் வைத்த சின்னப் பெட்டி. பெண்ணின் தம்பி பினாங்கிலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டர். அதில் தட்டினால் எழுத்து டிவியில் தெரிந்தது. அணைத்தால் எழுதியதெல்லாம் போய்விடுமாம்.

"என்னடா பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க? பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேசு," என்று அக்கா இடித்தாள்.

நான் தரையைப் பார்த்தேன்.

"வாயால பேச வெக்கமா இருந்தா இதுல அடிங்க லா, அண்ணே," என்றார் தம்பி.

எல்லாரும் சிரித்தார்கள். பெண்ணும் சிரித்துக்கொண்டே வந்து பெட்டிமுன் உட்கார்ந்தாள். அதில் தமிழ் எழுத்து இல்லை, ஆங்கில எழுத்துதான். நலமா என்று மலாயில் அடித்தாள். நான் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, நலம் என்று அடித்தேன்.

"கோழி கொத்துற மாதிரி கொத்துறான் பாரு," என்றாள் அக்கா.

எனக்கு லேசாகத் தைரியம் வந்தது. அப்போது பெண் இன்னொரு சொல்லை அடித்தாள். 'சுக்கா?' பிடித்திருக்கிறதா என்று கேட்கிறாள். ஹால் முழுவதும் படிக்கும்படி அவ்வளவு பெரிய எழுத்து.

எனக்குப் பிடித்திருந்தது. ஆங்கில எழுத்தில் அது நான்கே எழுத்து; அதையே திருப்பி அடித்தால் போதும். இரண்டு எழுத்து டிவியில் வந்தது. மூன்றாவதைத் தேடும்போது வாசலில் சத்தம்.

"மாமா, தமிழ்ப்படம் போட்டுட்டான்! இன்னும் டிவி தொறக்கலையா?"

வாராவாரம் அந்த வீட்டில் படம் பார்க்க வரும் பக்கத்து லயத்து வீட்டுக்காரர்கள். பெண்ணின் அப்பா எழுந்து கம்பியைப் பிடுங்கி ஏரியலை மாட்டினார். பாயெல்லாம் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். வந்தவர்களுக்குத் தேநீர் போட அவளை உள்ளே கூப்பிட்டார்கள்.

பெட்டி அணையவில்லை. மிச்ச இரண்டு எழுத்தையும் தேடி அழுத்தினேன். டிவியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள்.

தேநீர் கொடுக்கும்போது அவள் என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். அடித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். தலையையாவது ஆட்டியிருக்கலாம். அத்தனை பேர் நடுவில் கோப்பையை மட்டும் வாங்கிக்கொண்டேன். தம்பி பெட்டியை அணைத்துக் கம்பியைச் சுருட்டினார்.

"கேட்ட பொண்ணுக்குப் பதில் சொல்லாம வந்துட்டியே," என்றாள் அக்கா, பஸ்ஸில்.

"அடிச்சேன்க்கா."

"எங்கடா? நாங்க யாருமே பாக்கலையே!"

அடுத்த வாரம் அக்காவே போய்ச் சொல்லிப் பார்த்தாள். அதற்குள் பெண்டாங்கிலிருந்து பெண் கேட்டு வந்த இன்னொரு மாப்பிள்ளைக்குச் சரி சொல்லிவிட்டார்கள்.

"எம்பொண்ணே வாய்விட்டுக் கேட்டுட்டா. அதுக்குமேல அவ என்னம்மா செய்யணும்?" என்றாராம் அவள் அப்பா.

அவர் கேட்டது நியாயம்தான். அந்தப் பெண் ஏதாவது சொன்னாளா என்று அக்காவிடம் கேட்க நினைத்தேன். அதையும் கேட்கவில்லை.