சிமென்ட் கலந்த மணலும் துணி துவைக்கும் கல்லும்

1927 மார்ச் 14, திங்கட்கிழமை. விடியுமுன், ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர்களைக் கூப்பிட்டேன். பிறகு ரப்பர் பாலை எடை போட்டேன். பகலில் எனக்கு மட்டும் சோறு வடித்துச் சாப்பிட்டேன். அதன் பின்புதான், சோதனைக்காகச் செய்துவைத்திருந்த மரப்பெட்டியை எடுத்தேன்.

மலாயாவில், கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்த காலம் அது. குடியிருந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு மணல் மேடு. மழையில் அது சரிந்து, மனைவி துணி துவைக்கும் கல்வரை வந்து நின்றது. அப்போது அவள் அங்கேதான் நின்றிருந்தாள். அந்த மாதமே யாழ்ப்பாணம் போய்விட்டாள். “அந்தக் கல்லடியிலை பயமில்லாமல் நிண்டு உடுப்புத் தோய்க்க ஏலுமெண்டால் எழுதுங்கோ, வாறன்” என்றாள் கப்பலேறும்போது.

மேட்டைத் தடுக்க, மணலில் கொஞ்சம் சிமென்ட் கலந்து சுவர் எழுப்ப நினைத்தேன். பக்கவாட்டில் தள்ளினால் அந்தக் கலவை தாங்குமா என்று பார்க்கவே பெட்டி. அதை இடுப்பில் இரண்டாக அறுத்து, கீழ்ப்பாதியைப் பலகையில் ஆணியடித்திருந்தேன். மேல்பாதியை இழுக்க ஒரு கயிறு. பலகை விளிம்பைத் தாண்டித் தொங்கும் கயிற்று நுனியில் வாளி. தண்ணீர் ஊற்ற ஊற்ற இழுப்பு கூடும்.

பெட்டிக்குள் நிரப்பிய வெறும் மணல், கால் வாளிக்கே மெல்ல நகரத் தொடங்கியது. முன்பே வார்த்து இறுகவிட்டிருந்த கலவைக் கட்டியோ வாளி நிரம்பியும் அசையவில்லை.

“கல்லு மாதிரி நிக்குதுலா!” என்றார் கூட இருந்த கொத்தனார். “அம்மாவுக்கு எழுதிப் போடுங்க, ஐயா.”

கடிதத்தின் முதல் வரி மனதில் வந்துவிட்டது. இருந்தாலும் வாளிக்குள் ஒரு கல்லைப் போட்டேன். படீரென்று மேல்பாதி பிய்ந்து வந்தது.

“சொல்லாம கொள்ளாம போயிருச்சே! வெறும் மணலாச்சும் வாரேன் வாரேன்னு சொல்லிட்டு வந்துச்சு.”

இரண்டாவது கட்டியின்மேல் மனைவியின் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தேன்.

“அம்மா பாத்தா நம்மள அதுலயே அரைச்சிருவாங்க, ஐயா.”

பாரத்தின் கீழ் அது இன்னும் அதிகம் தாங்கியது. சிமென்ட் பிடிப்பு விட்ட பிறகும் மணல் தனக்குள் உரசி, நறநறவென்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இடம் பெயர்ந்தது. சுவர்மேல் பாறைகளை ஏற்றவேண்டும் என்று முடிவு செய்தோம். ஆனால் அப்படிக் கட்டினாலும், அதன் அடியில் அவளை நிற்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்று எழுதவில்லை.

அந்தியில் துவைக்கும் கல்லருகே போனேன். வெடிப்புகளில் பழைய சோப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தேன். வாசனை இல்லை.

மறுநாள் முதல் வேலையாக, பெரட்டுக்கும் முன்பே, கொத்தனாரும் நானும் கடப்பாரையால் அந்தக் கல்லை நெம்பி வீட்டின் முன்பக்கம் உருட்டிப்போய், அவள் உயரத்துக்குச் சரிவு பார்த்து நிறுத்தினோம்.